உறவுமுறை எழுதும் கட்டம்

கரம்பொன்
18.01.2024

அன்புள்ள மிரோஜனுக்கு,

நீர் எழுவைதீவில் இறங்கிவிட்டதாக வள்ளக்காரர் வந்து சொன்னார். கடல் கொஞ்சம் கொந்தளிப்பு என்றும், நீர் வாந்தி எடுக்கவில்லை என்றும் சொன்னார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது உம்மை அனுப்பிவிட்டேன். தன் கடலட்டைப் பண்ணைக் காவலுக்கு உடனே ஆள் வேண்டும் என்று ஏரம்பு அண்ணை கேட்டார், அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை. பொங்கலன்று ஆட்கள் வந்துபோனார்கள். உமக்கென்று எடுத்துவைத்த பொங்கலைப் பின்னேரம் மாட்டுக்குப் போட்டேன்.

நேற்று அலுவலகத்தில் உமது கோப்பை எடுத்துப் பார்த்தேன். சிறுவர் இல்லத்திலிருந்து வெளியேறியது பதினெட்டு வயதில். அதன்பின் ஊர்காவற்றுறை இறங்குதுறைக் கொட்டகையில் ஐந்து மாதம். உமது பெயருக்கு நேரே ‘வீடற்றவர்’ என்று நான்தான் எழுதியிருக்கிறேன். அந்த வரிக்குக் கீழே, குசினிக்குப் பின்னாலுள்ள எங்கள் அறையில் நீர் தங்கிய இரண்டு மாதத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. அதை நான் அலுவலகத்துக்குச் சொல்லவில்லை.

சென்ற வருடம் இல்லங்களை விட்டு வந்த பதினான்கு பேருக்கு வேலை எடுத்துக் கொடுத்தோம் என்று அறிக்கை எழுதினேன். ஒன்பது பேர் இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது. சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவதையும் வேலை என்றுதான் எழுதினேன். உமது விஷயத்தில் அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை.

கடலட்டைப் பண்ணைக் காவல் மூன்று மாதத்துக்கு மட்டும். குருநகரில் ஒரு பட்டறையில் படகு எஞ்சின் திருத்தப் பழகுநர் எட்டுப் பேரை எடுக்கிறார்கள். இரண்டு வருடப் பயிற்சி, தங்குமிடம், முடிவில் சான்றிதழ். ‘தங்குமிடம்’ என்ற சொல்லுக்குக் கீழே நான் கோடு போட்டிருக்கிறேன். விண்ணப்பத்தோடு குடும்ப அட்டைப் பிரதி கேட்கிறார்கள். உமது பெயர் எந்த அட்டையிலும் இல்லை. எங்கள் வீட்டு அட்டையில் இப்போது நான் ஒருத்திதான். அதில் உம்மைச் சேர்க்கப் போகிறேன்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் பென்சிலால் நிரப்பும். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடவேண்டாம். ‘தெரியாது’ என்றும் எழுதவேண்டாம். அப்படி எழுதினால் ஒன்றில் இரக்கப்படுவார்கள், இல்லாவிட்டால் சந்தேகப்படுவார்கள். ‘பொருந்தாது’ என்று எழுதும்.

ஏரம்பு அண்ணையின் போனுக்கு எடுத்தால் அவர் காதுக்கு ஏற்றமாதிரித்தான் நீர் கதைக்க வேண்டும். ஆகவே கடிதம் எழுதும். எழுத்தும் திருந்தும். வாசல் படலைப் பூட்டின் திறப்பை நீரே வைத்திரும்.

சுமித்திரா


எழுவைதீவு
27.01.2024

அன்புள்ள சுமித்திரா அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் சொன்னமாதிரித் திகதி மேலே போட்டிருக்கிறேன்.

இங்கே கடலுக்குள் கம்பு நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். உள்ளே அட்டைகள் மண்ணைத் தின்றுகொண்டு கிடக்கின்றன. அவை ஓடாது, கத்தாது, கடிக்காது. அவற்றுக்குக் காவல் இருக்கிற எனக்குத்தான் விசர் பிடிக்கும்போல் இருக்கிறது. காவல் கொட்டிலில் என்னோடு ஒரு நாயும் இருக்கிறது. அதற்கும் வேலை இல்லை.

முதல்நாளே ஏரம்பு அண்ணை கேட்டார்.

“டேய் தம்பி, நீ ஆற்றை பிள்ளை?”

“கரம்பொன் சுமித்திரா அக்கா வீட்டுப் பிள்ளை.”

“அவவுக்கு ஏதடா பிள்ளை? அவ கலியாணமே கட்டேல்லை.”

“அண்ணை, வீட்டுப் பிள்ளை எண்டனான். வயித்துப் பிள்ளை எண்டு சொல்லேல்லையே.”

வள்ளத்தில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ஏரம்பு அண்ணையும் சிரித்தார். பிறகு என்னோடு அவர் கொஞ்சம் மரியாதையாகத்தான் கதைக்கிறார். ஒரு வீட்டின் பெயரைச் சொன்னால் ஆட்களின் முகம் மாறுகிறது, அக்கா. இறங்குதுறைக் கொட்டகையில் இருந்தபோது எனக்கு அது தெரியாது.

மூன்றாம் நாள் நாங்கள் போன அவருடைய வள்ளம் நடுக்கடலில் நின்றுவிட்டது. எஞ்சின் முடிந்துவிட்டது, புதிசுதான் வாங்கவேண்டும் என்று தலையில் கை வைத்தார். நிற்பதற்கு முதல் அது இருமின விதத்தைக் கேட்டே நான் எண்ணெய்க்குள் தண்ணீர் கலந்திருக்கிறது என்று நினைத்தேன். கழற்றித் துடைத்துப் பூட்டினேன். பிடித்துக்கொண்டது. “கை இருக்கடா உனக்கு” என்றார். அன்றைக்கு இரண்டு மீன்பொரியல்.

திறப்பைக் கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். “அட்டைப் பண்ணைக்குக் கதவே இல்லை, இவன் திறப்போடை திரியிறான்” என்று பகிடி பண்ணுகிறார்கள்.

படிவம் நிரப்பினேன். தகப்பன் பெயர், பொருந்தாது. தாய் பெயர், பொருந்தாது. பிறந்த இடம், பொருந்தாது. அதையும் அப்படி எழுதலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள். நிரந்தர முகவரி என்ற கட்டத்துக்கு வந்தபோது பென்சிலால் எழுத மனம் வரவில்லை. உங்கள் முகவரியைப் பேனையால் எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

மிரோஜன்


கரம்பொன்
09.02.2024

அன்புள்ள மிரோஜனுக்கு,

படிவம் கிடைத்தது. பிழை இல்லை. பேனையால் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

குடும்ப அட்டை அலுவலும் முடிந்தது. போன செவ்வாய்க்கிழமை கிராம சேவையாளரிடம் போய் உமது பெயரைச் சேர்த்துவிட்டேன். அட்டையின் பிரதியை உமக்கு அனுப்பவில்லை. நேரடியாகவே பட்டறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீர் அதைப் பார்க்கவேண்டிய தேவை இல்லை.

ஒன்று சொல்லவேண்டும், தவறாக எடுக்கவேண்டாம். ‘வீட்டுப் பிள்ளை’ என்று எல்லோரிடமும் சொல்லவேண்டாம். உமது பகிடி உமக்கு முன்னமே வள்ளம் ஏறிக் கரைக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சீதேவி அக்கா வேலியால் எட்டி, “வயித்துப் பிள்ளை இல்லையாம், வீட்டுப் பிள்ளையாம். அப்ப என்ன பிள்ளையோ?” என்று கேட்டா. நான் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்துகொண்டே இருந்தேன். லண்டனிலிருந்து என் கூடப்பிறந்த தயாபரன் அண்ணையும் போன் எடுத்தார். அவரோடு கதைத்ததை எழுத விருப்பமில்லை.

நாற்பத்தைந்து வயதில், படித்து, உத்தியோகம் பார்த்து, தனியே வீடு காத்த ஒருத்திக்கு ஊர் வாயைப் பற்றிய பயம் போயிருக்கும் என்று நீர் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இருபத்தாறாம் திகதி, காலை ஒன்பது மணிக்கு நேர்முகம். முதல்நாளே கரைக்கு வந்துவிடும். ஏரம்பு அண்ணையின் மகள் வீட்டில் படுக்கலாம், கேட்டு வைத்திருக்கிறேன். உமது நீல சேட்டை நான் தோய்த்து அழுத்தி அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். நிமிர்ந்து இரும். பொய் சொல்லவேண்டாம். உம்மைப் போன்ற பிள்ளைகளிடம் அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

தண்ணீர் மோட்டர் திரும்பவும் இழுக்க மறுக்கிறது. கிணற்றில் அள்ளுகிறேன்.

சுமித்திரா


எழுவைதீவு
28.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேர்முகத்துக்குப் போனேன். நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எஞ்சினைக் காட்டி என்ன பிழை என்று கேட்டார்கள். எனக்கு வந்தது பழைய எஞ்சின். கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துச் சொன்னேன். கழற்றிக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். பெரிய சேர் மற்றவரைப் பார்த்து, “இவனை விடக்கூடாது” என்றார். என் காதால் கேட்டேன், அக்கா. அதற்குப் பிறகு உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்கள்.

“சுமித்திரா எண்டவ உமக்கு என்ன முறை?”

“அக்கா, சேர்.”

“சொந்த அக்காவோ?”

“இல்லை, சேர். ஆனா அக்காதான். அவவின்ரை வீட்டிலை இருக்கிறனான்.”

“என்னவா இருக்கிறீர்?”

எனக்குக் கேள்வி விளங்கவில்லை. “சும்மா இருக்கிறனான், சேர். வீட்டுப் பிள்ளை மாதிரி” என்றேன்.

சேர் கோப்பைப் புரட்டினார். “இதிலை வேலையாள் எண்டெல்லே கிடக்கு. நீர் அந்த வீட்டு வேலைக்காரனோ?”

“இல்லை, சேர்.”

“அப்ப அட்டை பொய்யோ?”

“அது பிழையா எழுதப்பட்டிருக்கும், சேர்.”

அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். கிராம சேவையாளரின் முத்திரைக்கு மேலே, என் பெயருக்கு நேரே, உங்களுடைய கையெழுத்து. எத்தனை தாளில் எனக்கு எழுதிக் காட்டினீர்கள். எனக்குத் தெரியாமல் போகுமா?

“தம்பி, இது விலை கூடின சாமான் கிடக்கிற இடம். வேலை தெரிஞ்சால் மட்டும் காணாது. முதல்நாளே இருக்கிற வீட்டைப் பற்றிப் பொய் சொல்லுற ஆளை எடுக்க ஏலாது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கவலையாகத்தான் சொன்னார்.

நீங்கள் பொய் சொல்லவேண்டாம் என்று எழுதினீர்கள். நான் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னேன்.

நீல சேட்டைத் தோய்த்து வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் இல்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்தக் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதியிருக்கலாமே, அக்கா?

மிரோஜன்


கரம்பொன்
04.03.2024

மிரோஜன்,

உமது கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்தேன். நல்ல சொற்களைத் தேடினேன். இல்லை. நடந்ததை எழுதுகிறேன்.

அன்றைக்குக் கிராம சேவையாளரின் கந்தோரில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எனக்குப் பின்னால் சீதேவி அக்கா. அட்டையில் உமது பெயரையும் வயதையும் எழுதியபின் அவர் தலையை நிமிர்த்தி, “மிஸ், உறவுமுறை என்ன போடுறது?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கிட்ட நெருங்கினார்கள்.

“சொந்தக்காரன் எண்டு போடலாமோ?” என்றேன்.

“போடலாம். எந்தப் பக்கத்துச் சொந்தம் எண்டு பிறகு கேட்பினம், மிஸ்.”

பின்னாலிருந்து சீதேவி அக்கா, “மகன் எண்டு போடுங்கோவன் பிள்ளை, பெறாமலே வளந்த பிள்ளை கிடைச்ச மாதிரி” என்றா. யாரோ ஒரு பெண் மெதுவாக, “மகன் எண்டு நினைச்சுத்தான் வைச்சிருக்கிறாவோ ஆர் கண்டது” என்றாள். சிரிப்புக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு முதல்நாள் இரவு தயாபரன் அண்ணை கேட்டிருந்தார். “எந்த ஊர், எந்த ஆக்கள் எண்டாவது தெரியுமோ உனக்கு? அட்டையிலை பதிஞ்சால் நாளைக்கு அவன் எங்கடை குடும்பம். நாங்கள் ஊருக்கு வந்து ஆற்றை முகத்திலை முழிக்கிறது?” எந்த ஆக்கள் என்று எனக்குத் தெரியாது. நான்கு வயதில் உம்மை இல்லத்தில் கொண்டுவந்து விட்டவர்களுக்கும் தெரிந்திருக்காது. அது ஒரு பொருட்டில்லை என்று கூட்டங்களில் எத்தனை தரம் பேசியிருக்கிறேன்.

“நீங்களே எழுதுங்கோ, மிஸ்” என்று கிராம சேவையாளர் பேனையை என்னிடம் தந்தார். அவர் நல்ல மனிதர். என்னைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார். நான் ‘வேலையாள்’ என்று எழுதினேன். பத்து விநாடி ஆகியிருக்காது.

எழுதியதும் எல்லாம் அடங்கிப்போயிற்று. வேலையாள் எந்த வீட்டிலும் இருக்கலாம். எந்த ஆக்களாகவும் இருக்கலாம். தனியே இருக்கிற பெண்ணின் வளவில் இருந்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். சீதேவி அக்காவே, “ஓம், தனிய இருக்கிறவவுக்கு ஒரு ஆள் தேவைதானே” என்றா. அந்தச் சொல் எனக்கு ஒரு குடையாக இருந்தது. அது உமது தலையில் இறங்கும் என்று தெரியாமல் நான் எழுதவில்லை. உமக்குத் தெரியவராது என்று நினைத்து எழுதினேன். பிரதியை உமக்கு அனுப்பாததற்குக் காரணம் அதுதான்.

பொங்கலுக்கு முதல் உம்மை அனுப்பியதற்கும் ஏரம்பு அண்ணையின் அவசரம் காரணம் இல்லை. வருகிற சொந்தக்காரர் குசினிக்குப் பின்னால் உம்மைக் காணக்கூடாது என்பதுதான்.

நேற்றுக் குருநகருக்குப் போனேன். பெரிய சேரைக் கண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எட்டுப் பேரின் பட்டியல் கதவில் ஒட்டியாயிற்று. “அந்தப் பெடியனை எடுக்கத்தான் எங்களுக்கும் விருப்பம். ஆனால் அம்மா, நீங்கள் எழுதினதைத்தானே நாங்கள் வாசிச்சனாங்கள்” என்றார்.

‘பொருந்தாது’ என்று எழுதியிருக்கலாமே என்று கேட்டீர். உமக்குச் சொல்லித்தந்த எனக்கு அது தோன்றவில்லை. இப்போது யோசித்தால், தோன்றியிருந்தாலும் எழுதியிருக்கமாட்டேன். அதை எழுதினால் ஆட்கள் என்னைத்தான் பார்த்திருப்பார்கள்.

வீட்டுக்கு வாரும். அறை அப்படியே இருக்கிறது. பொங்கலோ தீபாவளியோ, யார் வந்தாலும் நீர் இங்கே இரும்.

சுமித்திரா


கரம்பொன்
21.03.2024

மிரோஜன்,

பதில் இல்லை. ஏரம்பு அண்ணைக்கு எடுத்தேன். பத்தாம் திகதியே நீ பண்ணையை விட்டுப் போய்விட்டாயாம். “சொல்லாமல் போகேல்லை, பிள்ளை. எஞ்சினை முழுக்கக் கழற்றிப் பூட்டி, எண்ணெய் மாத்தி வைச்சிட்டுத்தான் போனவன். நான் மறிச்சனான். ‘அண்ணை, என்னை ஆற்றை பிள்ளை எண்டு கேட்டியள், பிழையாச் சொல்லிப்போட்டன்’ எண்டு மட்டும் சொன்னவன்” என்றார்.

இதற்குப் பிறகு உன்னை ‘நீர்’ என்று எழுத எனக்கு ஏலவில்லை. அது கோப்புக்கு எழுதுவதுபோல் இருக்கிறது.

நேற்றுத் திரும்பவும் கிராம சேவையாளரிடம் போனேன். இந்தமுறை எத்தனை பேர் நின்றார்கள் என்று பார்க்கவில்லை. சத்தமாகவே சொன்னேன், அந்தச் சொல்லை வெட்டி மகன் என்று எழுதவேண்டும் என்று. அதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும், பதினெட்டு வயது தாண்டியவருக்கு அதுவும் கிடைக்காது என்றார். தம்பி என்று எழுதக் கேட்டேன். பிறப்புச் சான்றிதழில் ஒரே தாய் தகப்பன் இருக்கவேணுமாம். சொந்தக்காரன் என்றாவது எழுதலாம் என்று முதல் சொன்னீர்களே என்றேன். “அது அண்டைக்கு, மிஸ். நீங்களே கையெழுத்து வைச்சு வேலையாள் எண்டு எழுதினாப் பிறகு, ஒரு மாதத்திலை சொந்தம் எண்டு நான் எப்பிடி மாத்துறது? அந்தச் சொல்லை எடுக்கிறதெண்டால் ஆளையே அட்டையிலை இருந்து வெட்டவேணும்” என்றார்.

நான் வெட்டவில்லை. உன் பெயர் அட்டையில் இருக்கிறது, அந்தச் சொல்லோடு. எது பெரிய பிழை என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

அலுவலகத்தில் உன் கோப்பை மூடச் சொல்கிறார்கள். ‘வேலை பெற்றுக் கொடுக்கப்பட்டது’ என்று எழுதட்டாம், பண்ணையில் எட்டுக் கிழமை இருந்தாயே, அது காணுமாம். அந்தப் பதினான்கு பேரோடு பதினைந்தாவது ஆள். கையெழுத்து வைக்காமல் மேசையில் வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு வைத்திருக்கலாம் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை இறங்குதுறையில் டிக்கெட் கொடுக்கும் மனுவேல் அண்ணையிடம் கொடுக்கிறேன். நீ கொட்டகைப் பக்கம் வந்தால் தருவார். வரக்கூடாது என்றும் நினைக்கிறேன். நீ அங்கேதான் திரும்பிப் போய்ப் படுத்திருக்கிறாய் என்றால், உன் கோப்பைத் திறந்த நாளிலிருந்து இந்த ஒன்பது மாதமும் நான் உனக்குச் செய்தது என்ன?

இரவில் படலையைப் பூட்டுவதில்லை.

சுமித்திரா அக்கா


02.04.2024

அனுப்புநர்:
மிரோஜன்
முகவரி: பொருந்தாது

பெறுநர்:
செல்வி சுமித்திரா
குடும்பத் தலைவர்
கரம்பொன், ஊர்காவற்றுறை

அம்மணி,

வேலையாள் பதவியிலிருந்து விலகுதல்

தங்களது 21.03.2024 திகதிய கடிதம் மனுவேல் அண்ணை மூலம் கிடைத்தது.

தங்கள் குடும்ப அட்டையில் வேலையாளாகப் பதியப்பட்டிருக்கும் நான், இன்றிலிருந்து அப்பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறேன். சொல்லை வெட்டுவதற்கு ஆளை வெட்டவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வெட்டிவிடவும். கோப்பிலும் கையெழுத்து வைத்துவிடவும்.

வேலையிலிருந்து விலகும்போது செய்துவந்த கடமைகளைக் குறிப்பிட்டு ஒப்படைக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லித் தந்திருக்கிறீர்கள். அதன்படி:

தண்ணீர் மோட்டர் பார்த்தது. அது பழுதில்லை. போடுவதற்கு முதல் மேல் மூடியைத் திறந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றவேண்டும். ஊற்றாமல் போட்டால் எரிந்துவிடும். கிணற்றில் அள்ள வேண்டாம், உங்களுக்கு இடுப்பு ஏலாது.

நீங்கள் கந்தோரால் பிந்தி வரும் நாட்களில் படலையடியில் லைற் போட்டு நின்றது.

முருங்கைக்காய் பிடுங்கியது.

இரவில் நீங்கள் சாப்பிடும்போது எதிர்க் கதிரையில் இருந்து கதைத்தது. இது வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

இங்ஙனம்,
மிரோஜன்

இணைப்பு: படலைத் திறப்பு, ஒன்று. நூல் நான் வைத்திருக்கிறேன்.